ரோக்ஃபோர் கிராமம்: குகைச் சுற்றுலா, சீஸ் கடைகள் – ஒரு விமர்சனம்

தெற்கு பிரான்ஸின் அவேரோன் மாவட்டத்தில் இருக்கும் ரோக்ஃபோர்-சுர்-சூல்சோன் கிராமத்தில் 600 பேர்கூட வசிக்கவில்லை. ஆனால் உலகின் எந்தக் கடையில் ‘ரோக்ஃபோர்’ என்ற பெயரில் ப்ளூ சீஸ் (உள்ளே நீலப் பூசணம் ஓடிய பாலாடைக்கட்டி) விற்றாலும், அது இந்த ஊரின் பாறைச்சரிவுக் குகைகளுக்குள் குறைந்தது 14 நாள் கிடந்துவிட்டு வந்ததாக இருக்க வேண்டும். அதுதான் சட்டம். இந்த ஊரின் சீஸ் நிறுவனங்களில் சில தங்கள் குகைகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகின்றன, வாசலிலேயே கடையும் வைத்திருக்கின்றன. அந்தக் குகைச் சுற்றுகளும் கடைகளும் அவ்வளவு தூரம் போய்ப் பார்க்கத் தகுந்தவையா? என் கணிப்பில், சரியான மாதத்தில் போனால் தாராளமாகப் போகலாம். தவறான மாதத்தில் போனால் குளிர்ந்த குகையும் காலித் தட்டுகளும்தான் மிச்சம்.

முதலில் போகும் வழி. பக்கத்துப் பெரிய ஊர் மியோ, சுமார் 25 கிலோமீட்டர். மோன்பெலியே நகரிலிருந்து வருபவர்கள் ஏ75 நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடலாம். அந்தச் சாலையில் மியோ பெரும்பாலத்தைத் தவிர வேறெங்கும் சுங்கம் கிடையாது. தெற்கிலிருந்து வருபவர்கள் பாலத்துக்கு முன்பே இறங்கிவிடுவதால் அதுவும் இல்லை. ரயிலில் வர நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: துர்னெமீர்-ரோக்ஃபோர் என்ற நிலையம் பக்கத்துக் கிராமமான துர்னெமீரில் இருக்கிறது. நாளுக்கு ஒரு சில ரயில்கள்தான் நிற்கும், இறங்கிய பிறகு மேட்டுச் சாலையில் நடக்க வேண்டும். சொந்தக் காரோ வாடகைக் காரோ இல்லாமல் இந்த ஊரை நிம்மதியாகப் பார்க்க முடியாது. காரை ஊரின் நுழைவிலேயே நிறுத்திவிடுங்கள். மேலே போகும் தெரு ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். லாரி எதிரே வந்தால் ஒதுங்க இடமிருக்காது.

ஊரைக் கீழிருந்து பார்க்கும்போதே பாதி விஷயம் புரிந்துவிடும். மேலே கொம்பலூ என்ற சுண்ணாம்புப் பாறை மேடு, செங்குத்தான விளிம்போடு நிற்கிறது. ஊர் அதன் அடிவாரத்தில் இல்லை. மேட்டின் ஒரு பகுதி இடிந்து சரிந்த பாறைக் குவியலின் மீது இருக்கிறது. சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் களிமண் படுகை. மழைநீர் பாறைக்குள் இறங்கி அந்தக் களிமண்ணை ஊறவைக்க, மேலே இருந்த பெரும்பாறை வழுக்கி, உடைந்து, ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்ந்துவிட்டது. மனிதர்களுக்கு வெகுகாலம் முன்பு நடந்த சரிவு இது. நீளம் ஏறக்குறைய 2 கிலோமீட்டர், அகலம் சுமார் 300 மீட்டர். ரோக்ஃபோர் சீஸ் பக்குவப்படச் சட்டம் அனுமதிக்கும் இடம் இவ்வளவுதான்.

உடைந்த பாறைகளுக்கு இடையே விழுந்த பிளவுகளுக்கு இங்கே ஃப்ளூரின் என்று பெயர். குகைக்குள்ளிருந்து மேடு வரை போகும் நீண்ட, குறுகலான காற்றுச் சந்துகள் அவை. கோடையில் வெளிக்காற்று மேலே நுழைந்து, ஈரப் பாறைகளைத் தொட்டுக்கொண்டே கீழிறங்கும். இறங்க இறங்கக் குளிரும், ஈரம் ஏறும், கனக்கும், அடியில் குகைக்குள் வந்து சேரும். குளிர்காலத்தில் இது தலைகீழாகிறது. வெளியே பனி இருக்கும்போது உள்ளே இருக்கும் காற்று ஒப்பீட்டில் வெதுவெதுப்பு, அதனால் அது மேலேறும். சரிவு வடக்கு நோக்கி இருப்பதால் வெயில் நேராக அடிப்பதும் குறைவு. விளைவு: ஆண்டு முழுவதும் குகைக்குள் 8 முதல் 12 டிகிரி வரை வெப்பம், 95 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதம், நிற்காமல் ஓடும் மெல்லிய காற்று. நிற்காமல் ஓடுவது முக்கியம். காற்று தேங்கிவிட்டால் தேவையில்லாத பூசணம் மேலே படரும். காற்று மிஞ்சினால் சீஸின் தோல் உலர்ந்து வெடிக்கும்.

இதைக் கண்ணால் பார்க்கத்தான் டிக்கெட் எடுக்கிறோம். சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு பிளவு, அதன் வாயில் ஒரு மரக்கதவு. அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்தும் மூடியும்தான் குகையின் தட்பவெப்பத்தைச் சரிசெய்கிறார்கள். உள்ளங்கையைப் பிளவின் முன் நீட்டினால் சில நொடிகளில் தோல் சில்லிடும், ஈரம் படியும். கதவின் சட்டம், கருவாலி மரத் தட்டுகள், கல்தூண் எல்லாவற்றிலும் வெண்சாம்பல் படலமாகப் பூசணம். வழிகாட்டி நகர்ந்துவிட்டாலும் அந்த இடத்தில் ஒரு நிமிடம் கூடுதலாக நில்லுங்கள். சுற்றின் மிச்சம் எல்லாம் இதற்கான விளக்கவுரைதான்.

ரோக்ஃபோர் தயாரிக்கும் நிறுவனங்கள் மொத்தம் 7: சொசியெத்தே, பப்பியோன், கப்ரியேல் கூலே, கார்ல், வெர்னியேர், வியூ பெர்ஜே என்ற முத்திரையில் விற்கும் கோம்ப், ஃப்ரோமாஜெரி ஒக்சித்தான். வருகையாளருக்கு முக்கியமாக மூன்று.

சொசியெத்தே ஊரிலேயே பெரியது. மொத்த ரோக்ஃபோரில் பாதிக்கும் மேல் இவர்களுடையது, இப்போது லாக்தாலிஸ் என்ற பால்பொருள் குழுமத்தின் கையில் இருக்கிறது. வழிகாட்டியோடு போகும் கட்டணச் சுற்று, ஏறக்குறைய 1 மணி நேரம். பாறைச்சரிவு எப்படி நடந்தது என்பதை ஒளி ஒலிக் காட்சியாகக் காட்டுகிறார்கள். குழந்தைகளுக்கு இது நன்றாகப் பிடிக்கும். புவியியல் தெரியாத பெரியவர்களுக்கும் உதவும். குகையின் பிரம்மாண்டம் இங்கேதான் தெரியும், தளத்துக்குக் கீழ் தளமாக இறங்கிக்கொண்டே போகலாம். குறை என்னவென்றால் கூட்டம். ஜூலை, ஆகஸ்டில் பெரிய குழுக்களாக அனுப்புவதால் பின்வரிசையில் இருப்பவர்களுக்கு ஃப்ளூரின் வாயருகே நிற்க நேரம் கிடைக்காது. அந்த மாதங்களில் காலையின் முதல் சுற்றைப் பிடித்தால் நல்லது. விளக்கம் இயல்பாக பிரெஞ்சில்தான். ஆங்கிலச் சுற்று எந்த நேரத்தில் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பப்பியோன் 1906-இல் தொடங்கியது. குகை சிறியது, குழு சிறியது, ஆகவே கேள்வி கேட்க இடமுண்டு. சீஸ் செய்முறையைப் படமாகக் காட்டுவதும் உண்டு. பூசணத்தை ரொட்டியில் வளர்க்கும் பழைய முறையை இவர்கள் விடாமல் வைத்திருப்பதால் அதைப் பற்றிய விளக்கம் இங்கே ஆழமாகக் கிடைக்கும். ஒரே ஒரு சுற்றுக்குத்தான் நேரம் என்றால், பெரியவர்கள் மட்டும் உள்ள குழுவுக்கு நான் பப்பியோனைச் சொல்வேன். சிறுவர்கள் உடன் வந்தால் சொசியெத்தே.

கப்ரியேல் கூலே கடைக்குக் கீழேயே குகை. வழிகாட்டி இல்லாமல் நாமே இறங்கிப் பார்த்துவிட்டு வரலாம். அந்தக் குடும்பம் 1872-இல் ஒயின் நிலவறைக்காகத் தோண்டியபோது ஃப்ளூரின்கள் தட்டுப்பட்டு, திட்டம் சீஸுக்கு மாறியது என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. விளக்கப் பலகைகளைப் படித்துக்கொண்டே போக வேண்டியதுதான். முதலில் வழிகாட்டியுடன் வேறொரு குகையைப் பார்த்துவிட்டு, பிறகு இங்கே நம் வேகத்தில் இறங்கினால் எல்லாமே தெளிவாகப் புரியும். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

எந்தக் குகையானாலும் சில விஷயங்கள் பொது. வெளியே 35 டிகிரி அடித்தாலும் உள்ளே 10 டிகிரிதான், ஸ்வெட்டர் கட்டாயம். கல்படிகள் ஈரமாக இருக்கும், ரப்பர் அடி போட்ட ஷூ வேண்டும். தள்ளுவண்டியில் குழந்தையைக் கொண்டுபோக முடியாது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இறங்குவதும் ஏறுவதும் கடினம். மூக்குக்கு முதல் இரண்டு நிமிடம் அமோனியா நெடியும் காளான் வாசனையும் கலந்து அடிக்கும், பிறகு பழகிவிடும்.

மாதத்தைப் பற்றி மேலே சொன்னதற்குக் காரணம் செம்மறி ஆடு. ரோக்ஃபோருக்கு லாக்கோன் இன ஆட்டின் காய்ச்சாத பால் மட்டுமே ஆகும். இந்த ஆடுகள் பெரும்பாலும் குளிர்காலத்துக்குச் சற்று முன் குட்டி போடும். குட்டிகள் பால் மறந்த பிறகு, டிசம்பர் வாக்கிலிருந்து ஜூலை வரை கறப்பு. அதன் பிறகு சில மாதம் பாலே கிடையாது. ஆகவே குகைத் தட்டுகளில் சீஸ் வட்டுகள் வரிசையாக நிற்பதைப் பார்க்க வேண்டுமென்றால் பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை வர வேண்டும். பெரும்பான்மைச் சுற்றுலாப் பயணிகள் ஆகஸ்டில் வருகிறார்கள். பருவம் அப்போது முடிந்துவிட்டிருக்கும். இலையுதிர் காலத்தில் வருபவர்களுக்குக் கிடைப்பது பாறை, காற்று, வெறும் தட்டு. என் தேர்வு மே மாதம்: குகை நிறைந்திருக்கும், மேட்டில் புல் பச்சையாக இருக்கும், கூட்டம் இன்னும் தொடங்கியிருக்காது.

இன்னொரு ஏமாற்றத்தையும் தவிர்த்துக்கொள்ளலாம். சீஸ் செய்வதை இந்த ஊரில் பார்க்க முடியாது. பால் இங்கே வருவதே இல்லை. அவேரோனிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் இருக்கும் பால்பண்ணைக் கூடங்களில்தான் சீஸ் உருவாகிறது. பப்பியோனின் கூடம்கூட வில்ஃப்ரான்ஷ்-த-பனா என்ற வேறு ஊரில் இருக்கிறது. வெள்ளை வட்டுகளாகத்தான் அவை லாரியில் ரோக்ஃபோருக்கு வந்து சேர்கின்றன. கறந்த 48 மணி நேரத்துக்குள் பாலை உறைய வைக்கத் தொடங்கிவிட வேண்டும். 28 முதல் 34 டிகிரிக்குள் ரென்னட் விட்டு உறைய வைக்கிறார்கள். பூசண விதையைப் பாலிலோ உறைந்த கட்டியிலோ சேர்க்கிறார்கள். கட்டியை வெட்டி, அச்சில் நிரப்பி, அழுத்தம் கொடுக்காமல் தானாக நீர் வடிய விடுகிறார்கள். அவ்வப்போது புரட்டிப் போடுகிறார்கள். அழுத்தினால் உள்ளே இடைவெளி இராது, இடைவெளி இல்லாவிட்டால் நீலம் படர வழியில்லை. பிறகு உலர் உப்பைத் தேய்க்கிறார்கள். கடைசியாக நீண்ட ஊசிகள் வட்டின் ஒரு முகத்திலிருந்து மறு முகம் வரை துளையிடும். உள்ளே சேர்ந்த கரியமில வாயு வெளியேறி, குகையின் காற்று உள்ளே போவது இந்தத் துளைகள் வழியாகத்தான். நீலத்தைத் தரும் பூசணமான பெனிசிலியம் ரோக்ஃபோர்ட்டிக்கு ஆக்சிஜன் வேண்டும். நன்றாக விளைந்த வட்டை வெட்டினால் நீலம் ஊசித் தடத்தில் கோடாகவும், அங்கிருந்து குழிகளுக்குள் திட்டுத் திட்டாகவும் ஓடியிருக்கும்.

ஒரு கிலோ சீஸுக்கு ஏறக்குறைய 4.5 லிட்டர் பால். வட்டு 19–20 சென்டிமீட்டர் குறுக்களவு, எடை 2.5 முதல் 3 கிலோ. ஆக ஒரு வட்டுக்குள் சுமார் 12 லிட்டர் பால் இருக்கிறது. குகையில் வட்டுகளைப் படுக்க வைப்பதில்லை. ஊசித்துளைகள் இரு பக்கமும் திறந்திருக்க வேண்டும் என்பதால் விளிம்பில் நிறுத்தி, ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்குகிறார்கள். நீலம் வேண்டிய அளவு வந்ததும் மெல்லிய வெள்ளீயத் தகட்டில் சுற்றிவிடுகிறார்கள். சுற்றியதும் காற்று நின்றுபோகும், பூசணத்தின் வேகம் அடங்கும், அதற்குப் பிறகு குளிர் அறையில் மெதுவாக முதிரும். கறந்த பாலிலிருந்து கடைக்கு வர மொத்தம் குறைந்தது 90 நாள். இந்தச் சுற்றும் வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்கள் பெண்கள். கபானியேர் என்று அழைக்கப்பட்ட அவர்களின் கைகள் இல்லாமல் இந்த ஊருக்கு வரலாறு கிடையாது. குகைச் சுற்றில் பழைய புகைப்படங்கள் இருந்தால் அவசரப்படாமல் பாருங்கள்: தடித்த கம்பளித் துணி, தலையில் துணிக்கட்டு, முழங்கை வரை ஈரம்.

பூசண ரொட்டி தனிக் கதை. கோதுமைக்கு உறவான தானியமான ரையும் கோதுமையும் கலந்து, மேல்தோல் கருகும் அளவுக்குச் சுட்ட பெரிய ரொட்டிக்குள் பூசண விதையை விட்டு, குகையில் வைக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் ஆனதும் உள்ளிருக்கும் மென்மையான சோற்றுப் பகுதி முழுவதும் நீலப் பச்சையாக மாறியிருக்கும். தடித்த தோல் வெளிப் பூசணங்கள் உள்ளே போகாமல் காக்கிறது. அந்தச் சோற்றைக் காயவைத்துத் தூளாக்கினால் சில கிராமே ஏராளமான பாலுக்குப் போதும். பெரும்பாலான உற்பத்தி இப்போது ஆய்வுக்கூடத்தில் வளர்த்த திரவ விதையைப் பயன்படுத்துகிறது. பப்பியோனும் கார்லும் ரொட்டியை விடவில்லை. ஆய்வுக்கூட விதையில் ஒரு வட்டுக்கும் இன்னொரு வட்டுக்கும் வேறுபாடு குறைவு. ரொட்டி முறையில் வேறுபாடு இருக்கும், அதையே விரும்பி வாங்குபவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான்.

ஆட்டிடையன் ஒருவன் ரொட்டியையும் சீஸையும் குகையில் மறந்துவிட்டுப் பெண்ணின் பின்னால் போன கதையை எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். கேட்டுவிட்டு நகரலாம். எழுத்தில் இருப்பது இன்னும் சுவையானது. 1411-இல் ஆறாம் சார்லஸ் மன்னர் இந்தச் சீஸைப் பக்குவப்படுத்தும் உரிமையை ரோக்ஃபோர் ஊராருக்கே கொடுத்தார். 1666-இல் துலூஸ் நீதிமன்றம் போலிச் சரக்கு விற்பவர்களுக்குத் தண்டம் விதித்தது. 1925-இல் தனிச் சட்டம் வந்தது. பிரான்ஸில் ஊர்ப்பெயர்ப் பாதுகாப்புப் பெற்ற முதல் சீஸ் இதுதான். 1961-இல் மியோ நீதிமன்றம், செய்முறை ஒன்றாக இருந்தாலும் கொம்பலூவின் இயற்கைக் குகைகளில் பக்குவப்படாத எதற்கும் இந்தப் பெயர் ஆகாது என்று தீர்ப்பளித்தது. நெடுங்காலம் கோர்சிகா தீவிலிருந்துகூட வெள்ளை வட்டுகள் கப்பலில் இங்கே வந்து பக்குவப்பட்டிருக்கின்றன. பால் எங்கிருந்து வந்தாலும் பாறை ஒன்றுதான் என்ற நிலை அது. இப்போது பாலுக்கும் எல்லை வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஆட்டின் தீவனத்தில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு அந்தப் பண்ணையிலேயே விளைந்ததாக இருக்க வேண்டும், வானிலை இடம் கொடுக்கும்போது மேய்ச்சலுக்கு விட்டே ஆக வேண்டும்.

ஊரின் அன்றாடம் இந்த வேலையைச் சுற்றித்தான். தெருவில் பார்க்கும் கட்டடங்களில் பலவற்றுக்கு மேலே இருப்பதைவிடக் கீழே தளங்கள் அதிகம். முகப்பில் சாதாரண அலுவலகக் கதவு, உள்ளே லிஃப்ட் பாறைக்குள் இறங்கும். வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் சென்-அஃப்ரிக், மியோ பக்கம் குடியிருந்து காலையில் வந்து போகிறார்கள். அதனால் மாலையில் கடைகள் சாத்தியதும் ஊர் காலியாகிவிடும். சாப்பாட்டுக்கு ஓரிரு இடங்கள்தான், குளிர்காலத்தில் அவையும் மூடியிருக்கக்கூடும். மதியம் 12-லிருந்து 2 வரை கடைகளும் ஓய்வெடுக்கும். தங்குவதற்கு இந்த ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், மியோவே வசதி. காலை 10 மணிக்கு வந்து ஒரு குகை பார்த்து, மதியம் மேலே பாறை விளிம்புக்கு ஏறும் நடைபாதையில் ஒரு நடை போய், திரும்பி வந்து கூலே குகையும் கடைகளும் பார்த்தால் நாள் சரியாக நிறையும். விளிம்பில் நின்று பார்த்தால் கூரைகள், சரிவு, சூல்சோன் ஓடைப் பள்ளத்தாக்கு எல்லாம் ஒரே பார்வையில் அடங்கும். பாறைச்சரிவின் வடிவம் மேலிருந்துதான் முழுதாகப் புரியும்.

இனி வாங்குவது. ஊரில் வாங்கினால் மலிவு என்று எதிர்பார்க்காதீர்கள். இங்கே வாங்குவதன் பலன் வேறு: ருசி பார்த்துவிட்டு வாங்கலாம், வெளியூர் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காத வகைகள் கிடைக்கும், கண்ணெதிரே முழு வட்டிலிருந்து வெட்டித் தருவார்கள். கத்தியால் வெட்டினால் நீலக் குழிகள் நசுங்கி வெள்ளைப் பகுதி முழுவதும் அழுக்குப் பச்சையாகப் பூசிக்கொள்ளும். அதனால் இழுத்துக் கட்டிய கம்பியால் வெட்டுவார்கள். கம்பி இல்லாத கடையில் வெட்டிய துண்டு வேண்டாம், பாதி வட்டாகத் தகட்டோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

சொசியெத்தேயின் சாதாரண வகை மிதமானது, உப்பும் வெண்ணெய்ச் சுவையும் சமமாக இருக்கும். முதன்முறை ப்ளூ சீஸ் சாப்பிடுபவர்களுக்குப் பொருத்தம். அவர்களே பராக்னோத், தாம்ப்ளியே, அபேய் என்று மூன்று தனிக் குகைகளின் பெயரில் விற்பவை இன்னும் ஆழமானவை. மூன்றையும் ஒன்றாக ருசி பார்த்தால் ஒரே மலையில் குகை மாறினால் சுவை எவ்வளவு மாறும் என்பது நாக்குக்கே தெரியும். பப்பியோனின் கறுப்பு அட்டை வகை வெண்ணெய் போல இளகும், காரம் பின்னால்தான் வரும். கார்ல் நேர்மாறு: முதல் கடியிலேயே உப்பும் காரமும் ஏறும், பழகியவர்களுக்கு விருந்து. கூலேயின் ‘பெத்தித் காவ்’ இந்த இரண்டுக்கும் நடுவில். ஒரு வீட்டுக்கு ஒன்றே ஒன்று வாங்க வேண்டுமென்றால் நான் அதைத்தான் எடுப்பேன். வியூ பெர்ஜே சிறிய உற்பத்தி, வெளியில் கிடைப்பது அரிது. பார்த்தால் விடாதீர்கள்.

துண்டைத் தேர்ந்தெடுக்கும்போது வெட்டுமுகத்தைப் பாருங்கள். தந்த வெள்ளையாக, லேசாக ஈரம் மினுங்க இருக்க வேண்டும். நீலம் நடுவில் நிறைந்து ஓரத்துக்கு வரும்போது குறையலாம், ஆனால் ஒரு பக்கமாக மட்டும் குவிந்திருந்தால் துளையிடல் சரியாக அமையவில்லை. ஓரம் மஞ்சள் பழுப்பாக மாறியிருந்தால் வயதாகிவிட்டது, கசக்கும். பெட்டிக்குள் நீர் தேங்கியிருந்தால் குளிரும் சூடும் மாறிமாறிப் பட்டிருக்கிறது, உப்புக் கரிக்கும். தகட்டில் சிவப்பு நிறச் செம்மறி முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. 1930-இல் தொடங்கிய ரோக்ஃபோர் கூட்டமைப்பின் அடையாளம் அது, உண்மையான ரோக்ஃபோரில் கட்டாயம் இருக்கும். இதைச் சொல்லக் காரணம் உண்டு. 2019-இல் சொசியெத்தே பெயரிலேயே ‘ப்ளூ த ப்ரெபி’ என்ற இன்னொரு சீஸ் சந்தைக்கு வந்தது. அது பாஸ்சரைஸ் செய்த பாலில் ஆனது, ரோக்ஃபோர் அல்ல. முத்திரைப் பெயர் ஒன்றாக இருப்பதால் அவசரத்தில் கூடைக்குள் போய்விடும்.

சாப்பிடுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை சில. ரென்னட் விலங்கின் இரைப்பையிலிருந்து எடுப்பது. ஆகவே சுத்த சைவம் சாப்பிடுபவர்களுக்கு ரோக்ஃபோர் ஆகாது, எந்த நிறுவனத்துடையதானாலும். காய்ச்சாத பால் என்பதால் லிஸ்டீரியா கிருமியின் ஆபத்தை முன்னிட்டுக் கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புத் திறன் குன்றியவர்களும் தவிர்க்க வேண்டும். குகை பார்க்கலாம், ருசி மேசையில் மட்டும் விலகிக்கொள்ளுங்கள். உப்பும் கொழுப்பும் அதிகம்: நீரை நீக்கிய உலர்பொருளில் குறைந்தது 52 சதவீதம் கொழுப்பு. உணவின் சத்துத் தரத்தைக் காட்டும் பிரான்ஸின் நியூட்ரி-ஸ்கோர் அட்டையில் இதற்குக் கடைசிப் படியான ‘ஈ’ கிடைத்தபோது உற்பத்தியாளர்கள் விலக்குக் கேட்டுப் போராடினார்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஒரு வேளைக்கு 20, 30 கிராமோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அளவாகச் சாப்பிட்டால்தான் இதன் சுவையும் எடுபடும்.

இன்னொரு அரை நாள் இருந்தால் ஆடுகள் மேயும் லார்ஸாக் மேட்டுக்குப் போய்விட்டுத் திரும்புங்கள். 1971-இல் அங்கிருந்த ராணுவ முகாமை 3,000 ஹெக்டேரிலிருந்து 17,000 ஹெக்டேராக விரிக்க அரசு முடிவு செய்தது. 103 விவசாயிகள் நிலத்தைக் கொடுப்பதில்லை என்று 1972-இல் உறுதி எடுத்தார்கள். 1937-இல் வார்தாவில் காந்தியோடு தங்கி அவரிடம் சாந்திதாஸ் என்ற பெயர் பெற்ற இத்தாலியச் சிந்தனையாளர் லான்சா தெல் வாஸ்தோ, லா காவலரி ஊரில் அவர்களுக்காக உண்ணாநோன்பு இருந்தார். போராட்டம் கடைசி வரை வன்முறையின்றி நடந்தது. ஈஃபெல் கோபுரத்தின் அடியில் ஆடுகளைக் கொண்டுபோய் மேயவிட்டார்கள். 1981-இல் மித்தெரான் அதிபராக ஆட்சிக்கு வந்ததும் திட்டத்தைக் கைவிட்டார். அனுமதி இல்லாமல் ஊர்கூடிக் கட்டிய லா ப்லாக்கியேர் ஆட்டுக்கொட்டகையின் கற்சுவர்கள் இன்றும் நிற்கின்றன. அந்தப் பண்ணைகளின் பால்தான் ரோக்ஃபோராக மாறிக்கொண்டிருந்தது. 1999-இல் அமெரிக்கா ரோக்ஃபோர் மீது 100 சதவீத வரி போட்டபோது, மியோவில் கட்டிக்கொண்டிருந்த மெக்டொனால்ட்ஸ் உணவகத்தை ஜோசே பொவே தலைமையில் பிரித்துப் போட்டவர்களும் இந்த மேட்டு விவசாயிகள்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்த சீஸை அதன் தகட்டிலேயே வைத்து, ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் மூடிய டப்பாவுக்குள் வையுங்கள். தகடு கிழிந்துவிட்டால் அலுமினியத் தாள் போதும், பிளாஸ்டிக் உறை வேண்டாம். வியர்த்து மேலே கொழகொழப்பாகும். ஃப்ரீஸரில் வைத்தால் உதிர்ந்துபோகும், சமையலுக்கு மட்டுமே உதவும். பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன் வெளியே எடுங்கள். குளிரோடு சாப்பிட்டால் உப்பு மட்டுமே தெரியும். துண்டு போடும்போது ஆப்பு வடிவில் நடுவிலிருந்து விளிம்புவரை வெட்டினால் எல்லோருக்கும் நீலம் நிறைந்த நடுப்பகுதியும் உப்புக் கூடிய ஓரமும் கிடைக்கும். ஆப்பின் கூர்முனையை வெட்டி ஒருவர் எடுத்துக்கொண்டால் மற்றவர்களுக்கு வெறும் ஓரம்தான். கூட வைக்க ரை ரொட்டி, உப்பில்லா வெண்ணெய், பேரிக்காய், வால்நட். ஒயின் குடிப்பவர்களுக்கு இனிப்பான சோத்தேர்ன். உப்பு தூக்கலாகத் தெரிந்தால் இரண்டு பங்கு சீஸுக்கு ஒரு பங்கு வெண்ணெய் சேர்த்து முள்கரண்டியால் மசித்து, ரொட்டியில் மெல்லியதாகத் தடவுங்கள். அவேரோனில் வீடுகளிலும் இப்படிச் சாப்பிடுவது உண்டு. மிச்சமானதை க்ரீமில் கரைத்துச் சாஸாகச் செய்யும்போது அடுப்பை அணைத்த பிறகே சீஸைச் சேர்க்க வேண்டும். கொதிக்க விட்டால் கொழுப்பு பிரிந்து கசப்பு ஏறும். உப்பைத் தனியாகப் போடவே வேண்டாம்.